மருந்துக்கே அடங்காத கிருமி லோஷனுக்கு அடங்குமா?

வில்லுக்குறிக்காரன்

மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்து, எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கிளெப்சியெல்லா நிமோனியே என்று ரிப்போர்ட் வந்தது. கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக, எல்லாவற்றுக்கும் நேரே ஆர், ஆர், ஆர், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. மெரோபெனமுக்கும் ஆர். கடைசியில் கொலிஸ்டினுக்கு மட்டும் ஐ. டாக்டர் பார்த்துவிட்டு, "ரெசிஸ்டன்ட் கிருமி, கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்" என்றார். வைத்தியம் நடக்கிறது, அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. காலையில் துப்புரவு அக்கா வாளியும் மாப்புமாக வருகிறார். வெள்ளையாகக் கலக்கிய தண்ணீர், பினாயில் வாசம். முக்கின மாப்பை ஒரு கட்டிலுக்கு அடியில் விட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார், டீ குடித்து முடிப்பதற்குள் வார்டு முடிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கில் விலை போகிற ஊசிக்கே சாகாத கிருமி இந்தப் பினாயிலுக்குச் சாகுமா? அல்லது இதற்கும் பழகிவிட்டதா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பயமும் ஒரு பக்கம்.

கொல்லங்கோடு_காற்று

எல்லாம் பழகிப்போச்சு சகோ. டெட்டால், லைசால், எல்லாம் வெறும் வாசம். 99.9% சாகும் என்று விளம்பரத்தில் சொல்வான், மிச்சம் இருக்கிற 0.1% தான் உங்க மாமனாருக்கு வந்திருக்கு. பேசாமல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோங்க, இங்கே இருந்து ரெண்டு மணிக்கூர் கூட ஆகாது.

லேப்_அக்கா

மேலே சொன்னதில் பாதி பயமுறுத்தல், பாதி தப்பு. நான் மைக்ரோபயாலஜி லேப் ஆள், இந்த மாதிரி ரிப்போர்ட்டை அடித்து அனுப்புவதுதான் வேலை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "ஐ". அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அமெரிக்கத் தரநிலைப்படி 2020 முதல் கொலிஸ்டினுக்கு எஸ், அதாவது மருந்துக்கு அடங்கும் என்று போடும் வழக்கமே கிடையாது, ஐ (இடைநிலை) அல்லது ஆர், அவ்வளவுதான்.

அடுத்தது, ஆன்டிபயாடிக் வேலை செய்கிற விதமும் லோஷன் வேலை செய்கிற விதமும் ஒன்றல்ல. மெரோபெனம் கிருமியின் சுவரைக் கட்டுகிற குறிப்பிட்ட சில புரதங்களைப் போய்ப் பிடிக்கிறது, வேறு எதையும் தொடாது. தொட்டால் நம் உடம்பு தாங்காது. அதனால் கிருமிக்கு ஒரே ஒரு நொதி கிடைத்தால் போதும், மருந்தை வெட்டிப்போட்டுவிடும். என்டிஎம்-1 அப்படிப்பட்ட நொதிதான். டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் கண்டுபிடித்து 2009ல் வெளியிட்டார்கள், பெயரில் டெல்லியைச் சேர்த்ததற்கு இங்கே பெரிய சண்டையே நடந்தது. அந்தக் கிருமியும் கிளெப்சியெல்லாதான்.

ஹைப்போகுளோரைட்டுக்கு, அதாவது பிளீச்சிங் வகைக் குளோரின் லோஷனுக்கு, இந்த மாதிரிக் குறி எதுவும் கிடையாது. புரதம், சவ்வு, டிஎன்ஏ, எது கையில் கிடைத்தாலும் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும். ஆல்கஹால் சவ்வைக் கரைத்து உள்ளே உள்ள புரதத்தையெல்லாம் திரள வைத்துவிடும். என்டிஎம் நொதி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. லேபில் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையான எம்ஆர்எஸ்ஏவையும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சரியான அளவில் கலக்கிய குளோரினை ஊற்றினால் ரெண்டும் ஒரே மாதிரிதான் சாகும்.

கிருமிநாசினிக்கு எது தாங்கும், எது தாங்காது என்று பழைய வரிசை ஒன்று உண்டு. உச்சியில் ஸ்போர், சில பாக்டீரியா கெட்டி ஓட்டுக்குள் உறங்குகிற நிலை. அதற்குக் கீழே காசநோய்க் கிருமி வகையறா. அப்புறம் உறையில்லாத வைரஸ்கள், பூஞ்சை, அதற்கும் கீழேதான் கிளெப்சியெல்லா, ஈ.கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரியான சாதாரண பாக்டீரியா. கொரோனா மாதிரி கொழுப்பு உறை உள்ள வைரஸ் அடிமட்டத்தில். எத்தனை மருந்துக்கு ஆர் வாங்கினாலும் கிளெப்சியெல்லா இந்த வரிசையில் ஒரு படி கூட மேலே ஏறுவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். சாகும். ஆனால் நீங்கள் பார்த்த அந்த வாளியில் சாகுமா என்றால், அது வேறு.

தேரூர்_குளம்

ஆசாரிப்பள்ளத்தில் மெடிக்கல் காலேஜ் வருவதற்கு முன்னால் அது டி.பி. ஆஸ்பத்திரி. அங்கே போய்விட்டு வந்தால் சட்டையில் கறுப்புப் பினாயில் வாசம் ரெண்டு நாளைக்கு இருக்கும். இப்போது எங்கே போனாலும் வெள்ளைப் பினாயில், பூ வாசம். அந்தக் கறுப்புதான் சரியோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. லேப் பிள்ளை சொல்லட்டும்.

வடசேரி_சப்ளை

அண்ணாச்சி, இதற்கு நான் சொல்கிறேன், இது என் யாவாரம். கறுப்புப் பினாயில் நிலக்கரித் தாரில் இருந்து வருவது, பீனால் வகை. ஐஎஸ் 1061 என்று இந்தியத் தரமே இருக்கிறது, ரிடீல்-வாக்கர் எண் வைத்துக் கிரேடு பிரிப்பார்கள், பீனாலைவிட எத்தனை மடங்கு கொல்கிறது என்ற கணக்கு. வெள்ளைப் பினாயில் பைன் எண்ணெயை வைத்துச் செய்வது. தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி ஆகும், பார்க்க நல்லா இருக்கும். வீட்டுத் திண்ணைக்குச் சரி. ஐசியூவுக்கு அதை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய?

கடைசியில் எல்லாம் லிட்டர் விலையில் போய் நிற்கும். கொட்டேஷன் கேட்பவர் "வாசம் வருமா, நுரை வருமா" என்று கேட்பாரே தவிர, எதற்கு எதிராக டெஸ்ட் பண்ணியது, எத்தனை நிமிடம் என்று இத்தனை வருஷத்தில் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணலாம். லேபிள் கூட இல்லாத கேனில் லோக்கலாகக் கலக்கிக் கொடுப்பவன் பாதி விலைக்குக் கொடுப்பான், ஆர்டர் அங்கே போய்விடும்.

பழைய_ஸ்டாஃப்

வாளி விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள், இப்போது தக்கலையில் வீட்டோடு இருக்கிறேன்.

தம்பி, லோஷன் தரையில் பட்டதும் கிருமி செத்துவிடாது. ஈரமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு லோஷனுக்கும் ஒரு நேரம் போட்டிருப்பான், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று. நம் ஊர் காற்றுக்கு, அதுவும் மேலே மின்விசிறி ஓடினால், ஒழுங்காகப் பிழியாத மாப்பில் துடைத்தாலும் ரெண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு பெரும்பாலும் வேலை நின்றுபோச்சு. அதற்குள் அவசரக்காரர் எவராவது பின்னாலேயே காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போவார், விசிட்டர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று. அதுவும் நியாயம்தான்.

அப்புறம் அழுக்கு. சளி, சீழ், ரத்தம் கிடக்கிற இடத்தில் நேரே குளோரினை ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால்தான் முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு சுத்தத் தண்ணீர், கடைசியில் லோஷன் என்று மூன்று வாளி வைக்கச் சொல்கிறார்கள். மூன்று வாளியும் தள்ளுவண்டியில் இருக்கும், தரச் சான்று கொடுக்கிற அக்ரிடிடேஷன் ஆட்கள் வருகிற வாரம் மட்டும். மற்ற நாளில் ஒரே வாளி. பத்துக் கட்டில் முடிகிறபோது அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். முதல் கட்டில் கிருமியைப் பத்தாவது கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைதான் அது.

துப்புரவு அக்காமாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒப்பந்தக் கூலி, ஒரே ஆளுக்கு ரெண்டு வார்டு, சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. கையுறை கிழிந்தால் அடுத்தது வர ஒரு வாரம். ஒரு பிள்ளை கக்கூஸில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஊற்றிவிட்டு, குளோரின் வாயுவில் மூச்சு முட்டி, எங்கள் வார்டிலேயே ஆக்சிஜன் வைத்துப் படுத்துக் கிடந்தது. ரெண்டையும் சேர்க்கக் கூடாது என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

வில்லுக்குறிக்காரன்

சிஸ்டர், நன்றி. அப்போ பிளீச்சிங் பவுடர் போதுமா? எவ்வளவு போட வேண்டும்? ஊர்ப் பஞ்சாயத்தில் கையால் அள்ளிப் போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கொல்லங்கோடு_காற்று

மந்திரி வரும்போது ரோட்டோரம் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போடுவார்களே, அந்தப் பவுடரா? 😀 அந்தக் கோட்டைத் தாண்டிக் கிருமி வராதாம்.

லேப்_அக்கா

கோடு போடுவது கண்ணுக்கு மட்டும்தான், மண்ணில் தூவி வெயிலில் கிடந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் பவுடரை மட்டமாக நினைக்க வேண்டாம், அளந்து கலக்கினால் அதே பவுடர் கெட்டிக்காரன்.

நல்ல பவுடரில் சுமார் 30% குளோரின். சாதாரணமாகத் துடைக்கிற இடத்துக்கு 1000 பிபிஎம், அதாவது 0.1% என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. பத்து லிட்டர் வாளிக்கு 33 கிராம் பவுடர். ரத்தம் சிந்தின இடத்துக்கு அதைப்போல் ஐந்து மடங்கு, 0.5%. இங்கே பல ஆஸ்பத்திரிகளில் 1% வைத்துக்கொள்கிறார்கள், அதிலும் தப்பில்லை, இரும்புக் கட்டில்தான் துருப்பிடிக்கும். ஹைப்போகுளோரைட் திரவம் 5% என்று வருவதானால் ஒரு பங்குக்கு நாற்பத்தொன்பது பங்கு தண்ணீர் ஊற்றினால் 0.1%.

சிக்கல் என்ன என்றால் அந்த 5%, 5% ஆகவே இருப்பதில்லை. கேன் ஜெனரேட்டர் ஷெட் பக்கத்தில் வெயிலில் கிடக்கும், மூடி பாதி திறந்திருக்கும். சித்திரை வெயிலில் நம் ஊரில் அது வாரக்கணக்கில் கிடந்தால் பலம் நன்றாகக் குறைந்துவிடும். பவுடரும் அப்படித்தான், ஈரக்காற்றில் மூட்டையை அவிழ்த்துப் போட்டால் கட்டிதட்டி வெறும் சுண்ணாம்பு ஆகிவிடும். காலையில் கலக்கியதை மறுநாள் வரைக்கும் வைத்துக்கொள்வதும் அதே கதைதான். கலக்கிய தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிச்சம் என்று பார்க்க ஸ்ட்ரிப் இருக்கிறது, முக்கி எடுத்தால் நிறம் மாறும். எத்தனை இடத்தில் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

குழித்துறை_படிப்பாளி

அக்கா, நீங்கள் சொன்னது பாடப்புத்தகம். ஆனால் லோஷனுக்கும் ரெசிஸ்டன்ஸ் வருகிறது என்று பேப்பர்கள் இருக்கின்றனவே. ஸ்டெஃபைலோகாக்கஸில் க்யூஏசி ஜீன்கள், லோஷனை உள்ளே வந்ததும் வெளியே பம்ப் பண்ணி அனுப்பிவிடும். 2018ல் மெல்போர்னில் இருந்து ஒரு ஆய்வு, ஆஸ்பத்திரியில் பரவுகிற என்டெரோகாக்கஸ் ஃபீசியம் என்ற குடல் கிருமி ஆல்கஹாலுக்கே பழகிவருகிறது என்று. 2017ல் இங்கிலாந்தில் இன்னொன்று, கிளெப்சியெல்லாவைக் குளோர்ஹெக்சிடின் என்ற லோஷனில் பழக்கினால் கொலிஸ்டினுக்கும் ரெசிஸ்டன்ட் ஆகிறது என்று. இவர் மாமனாருக்கு மிச்சம் இருப்பதே கொலிஸ்டின்தான். இதையெல்லாம் ஒரே வரியில் "சாகும்" என்று தள்ளிவிட முடியுமா?

லேப்_அக்கா

நல்ல கேள்வி தம்பி. எல்லா லோஷனையும் ஒரே கூட்டில் அடைக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். குளோரின், ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி எரித்துத் தள்ளுகிறவை ஒரு பக்கம். குளோர்ஹெக்சிடின், பென்சால்கோனியம், செட்ரிமைடு மாதிரி சவ்வில் ஒட்டி ஓட்டை போடுகிறவை இன்னொரு பக்கம். நீ சொல்கிற பம்ப் கதையெல்லாம் ரெண்டாவது பக்கம்தான்.

அங்கேயும் அளவைப் பார். க்யூஏசி ஜீன் உள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் தாக்குப்பிடிப்பது லிட்டருக்குச் சில மில்லிகிராம், மிஞ்சிப்போனால் சில பத்து மில்லிகிராம் குளோர்ஹெக்சிடினில். ஆபரேஷனுக்கு முன்னால் தோலில் தடவுகிற 2% என்றால் லிட்டருக்கு 20,000 மில்லிகிராம். அதில் பம்ப் எல்லாம் எடுபடாது. ஆனால் அதே மருந்து தண்ணீர் கலந்து கலந்து நீர்த்துப்போய், மாப்பிலும் சிங்க் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி நின்றால், பம்ப் வைத்தவன் பிழைப்பான். 2017 பேப்பரும் அதுதான், குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கினார்கள். ஒரு வார்டில் கை வராத ஆள் ஒருவர் பாதி அளவில் கலக்கிக்கொண்டே இருந்தால் அதே சோதனையை நாமும் செய்கிறோம் என்று அர்த்தம்.

மெல்போர்ன் ஆய்வை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2010க்குப் பிறகு எடுத்த கிருமிகள் அதற்கு முந்தியவற்றைவிடச் சுமார் பத்து மடங்கு அதிகம் ஆல்கஹாலைத் தாங்கின. லேபில் சோதித்தது 23% ஐசோபுரோபனாலில், நாம் கைக்குத் தேய்ப்பது 70-75%, அதனால் பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் எலிக்கூண்டை 70% ஐசோபுரோபனாலால் துடைத்த பிறகும் தாங்கும் வகைக் கிருமி எலிகளுக்கு அதிகம் தொற்றியது, அதையும் அதே பேப்பரில் சொல்லியிருக்கிறார்கள். ஹேண்ட்ரப்பைத் தூக்கிப் போட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ரெண்டு சொட்டு விட்டு உள்ளங்கையை மட்டும் தேய்த்துக்கொண்டு ஓடாமல், கை நனைய எடுத்து 20-30 நொடி விரல் இடுக்கு வரை தேய்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இதைவிட எனக்குக் கவலை வேறொன்று. சூடோமோனாஸ் என்று ஒரு கிருமி. பத்துக் கிருமி கலந்த சாம்பிளில் இருந்து அதை மட்டும் பிரித்து வளர்க்க லேபில் ஒரு அகார், அதாவது கிருமி வளர்க்கிற கூழ், வைத்திருக்கிறோம், செட்ரிமைடு அகார் என்று பேர். சாவ்லானில் குளோர்ஹெக்சிடினோடு சேர்ந்து இருக்கிறதே, அதே செட்ரிமைடு. மற்றவை அதில் முளைக்காது, சூடோமோனாஸ் பச்சையாக ஜம்மென்று வளரும். இப்போது வார்டில் டிரஸ்ஸிங் டிராலியில் ஒரு பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், பஞ்சு போட்டு, நீர்த்த லோஷன் ஊற்றி, தீரத் தீர மேலேயே ஊற்றி, பாட்டிலைக் கழுவாமல் மாதக்கணக்கில் ஓடும். கிருமியைக் கொல்ல வைத்த பாட்டிலில் கிருமியே குடும்பம் நடத்துகிற இடம் அதுதான். சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா, செரேஷியா எல்லாம் இப்படி லோஷன் பாட்டிலில் இருந்தே நோயாளிக்குப் போன சம்பவங்கள் உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கின்றன. பாட்டிலைக் காலி செய்து, கழுவி, காயவைத்து, புதிதாக ஊற்றித் தேதி எழுதி ஒட்ட வேண்டும்.

வடசேரி_சப்ளை

அக்கா சொன்னதோடு ஒன்று. பென்சால்கோனியம் வகை லோஷனைக் கடலோரப் பக்கம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் சைடில் சப்ளை பண்ணினால் "வேலை செய்யவில்லை" என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் போர் தண்ணீரில் கலக்கியிருப்பார்கள். கடினத் தண்ணீரில் அந்த வகை லோஷன் பலம் குறையும். பருத்தி மாப்பு வேறு அதை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், தரைக்கு வருவது கொஞ்சம்தான். மைக்ரோஃபைபர் வாங்கச் சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிடுகிறார்கள்.

பழைய_ஸ்டாஃப்

எல்லாரும் தரையையே பேசுகிறீர்கள். தரையில் யார் கையை வைக்கிறார்கள்? நர்ஸ் கை படுவது கட்டில் கம்பி, ஐவி ஸ்டாண்ட், மானிட்டர் பட்டன், சக்‌ஷன் பாட்டில், கேஸ் ஷீட் அட்டை. டாக்டர் கழுத்தில் ஸ்டெத். எல்லார் கையிலும் செல்போன். அசினெட்டோபாக்டர் என்ற ஆஸ்பத்திரிக் கிருமி காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தரையைப் பளபளவென்று வைத்துக்கொண்டு கட்டில் கம்பியைத் தொடாத வார்டுகளை நான் எத்தனையோ பார்த்தாச்சு. நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் மெத்தை, கம்பி, லாக்கர், திரை எல்லாம் ஒரு முறை முழுசாகச் செய்ய வேண்டும், ஆனால் கீழே கேஷுவாலிட்டியில் அடுத்த ஆள் ஸ்ட்ரெச்சரில் காத்திருப்பார், விரிப்பை மட்டும் மாற்றி ஏற்றிவிடுவோம். முன்னால் படுத்தவரின் கிருமி பின்னால் படுத்தவருக்கு வருவது இப்படித்தான்.

இன்னொன்று, ஃபியூமிகேஷன். ஃபார்மலின் புகை போட்டு ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டி வைப்பது எங்கள் காலத்துப் பழக்கம். கண் எரியும், அதனால் கிருமி செத்திருக்கும் என்று நம்பிக்கை. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்குவது என்று ஆன பிறகும் சில இடங்களில் விடவில்லை. கையால் தேய்த்துத் துடைப்பதற்குப் புகை ஈடாகாது. கொரோனா நேரத்தில் ஆள் மேலேயே தெளித்தார்களே, அது அதைவிடக் கூத்து, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2020 மே மாதத்தில் சொன்னது.

தேரூர்_குளம்

அப்போ என் கறுப்புப் பினாயில்? ஒருத்தரும் பதில் சொல்லக் காணோம்.

லேப்_அக்கா

மன்னியுங்கள் பெரியவரே. டி.பி. ஆஸ்பத்திரியில் அதை வைத்ததற்குக் காரணம் இருந்தது, காசநோய்க் கிருமிக்கு மெழுகு மாதிரி மேல்தோல், பென்சால்கோனியம் மட்டும் உள்ள லோஷன் அதன் மேல் சரியாக எடுபடாது, நல்ல பீனால் வகை எடுபடும். கிளெப்சியெல்லாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தொட்டில் பிள்ளைகள் இருக்கிற வார்டில் பீனால் வகை ஆகவே ஆகாது, குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடும்.

வில்லுக்குறித் தம்பி, வீட்டு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாமா வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கலாம். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு அதனால் பொதுவாக ஒன்றும் ஆகாது. காயத்துக்கு டிரஸ்ஸிங் போடுபவர் முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், கக்கூஸுக்கு 0.1% பிளீச்சிங் போதும், துணியை வழக்கம்போல் சோப்பில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். வீடு முழுக்க லோஷன் தெளிக்க வேண்டாம். உடம்பில் சும்மா தங்கியிருக்கிறதே என்று ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கவும் வேண்டாம். முக்கியமாக அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திருவனந்தபுரமே ஆனாலும், வாசலிலேயே காட்டுங்கள், தனி அறையோ ஓரக் கட்டிலோ கொடுப்பார்கள்.

வில்லுக்குறிக்காரன்

ரொம்ப நன்றி அக்கா. இன்று சூப்பர்வைசரிடம் என்ன லோஷன், எத்தனை மில்லி என்று கேட்டேன். "கம்பெனி கொடுக்கிறதை ஊற்றுகிறோம் சார்" என்றார். கேனைக் காட்டச் சொன்னால் லேபிள் கிழிந்து கிடக்கிறது. நானே கட்டில் கம்பியையும் லாக்கரையும் துடைக்கலாமா? அந்தக் குளோரின் ஸ்ட்ரிப் நாகர்கோவிலில் கிடைக்குமா?

பழைய_ஸ்டாஃப்

தாராளமாகத் துடைக்கலாம், ஸ்டாஃபிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஆல்கஹால் வைப் ஆனால் போதும், கம்பி நனைய இழுத்துவிட்டுத் தானாகக் காய விடுங்கள். மானிட்டர், ஊசி பம்ப் பக்கம் கையை வைக்காதீர்கள், அதை அவர்களிடமே சொல்லிச் செய்ய வையுங்கள். கேன் விஷயத்தை வார்டு இன்சார்ஜிடம் வேண்டாம், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ் என்று ஒருவர் இருப்பார், அவரைக் கேளுங்கள். அவரிடம் அந்த கேனைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்தால் எழுத்தாக இருக்கும்.

வடசேரி_சப்ளை

ஸ்ட்ரிப் சர்ஜிக்கல் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். நீச்சல் குளத்துக்கு உள்ளதை எடுத்துத் தந்தால் வாங்காதீங்க, அது ஒற்றை இலக்க பிபிஎம்முக்கு உள்ளது, இந்த வாளியில் முக்கினால் நிறம் வெளுத்து ஒன்றும் தெரியாது. ஆயிரம் பிபிஎம்முக்கு மேல் காட்டுகிறது வேணும்னு கேளுங்க.